ஒளுவில் தீராத சந்தேகம்: தம்பிக்கு என்ன செய்யலாம்?

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரி. பர்மிங்காமில் படிக்கும் உங்கள் தம்பி தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒரு ஒளுவுக்கு முக்கால் மணி நேரம் எடுக்கிறான், கைத்தோல் உரிந்துவிட்டது, ஷைத்தான் போடும் வஸ்வாஸ் என்ற சந்தேகம்தான், திக்ர் (இறைவனை நினைத்து ஓதுவது) போதும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் அண்ணனும் இப்படித்தான், குழாயை மூடிக் கதவுவரை வந்துவிட்டு, குதிகால் நனைந்ததா என்று திரும்பிப் போவார். ஈமானில் (இறைநம்பிக்கையில்) குறை இல்லை, விடாத சந்தேகமும் அதைத் தணிக்கச் செய்ததையே திரும்பச் செய்வதுமான ஓசிடி என்ற மனநோய் அது.

இங்கிலாந்தில் 18 வயது ஆனவர்கள் என்ஹெச்எஸ் டாக்கிங் தெரபீஸ் என்ற அரசு மனநலப் பேச்சு சிகிச்சையில் ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) போகாமலே பதியலாம். சந்தேகம் வந்தாலும் மறுபடி கழுவாமல், பதற்றம் தானாக இறங்கும்வரை இருக்கப் பழக்குவார்கள், இஆர்பி என்று பெயர். மார்க்கத்துக்கு விரோதமாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், சந்தேகத்தால் உறுதி நீங்காது என்பது ஃபிக்ஹின் (மார்க்கச் சட்டத்தின்) அடிப்படை விதி, நபி (ஸல்) ஒரு முத்து என்ற அந்தக் கால அளவு, அதாவது முக்கால் லிட்டருக்கும் குறைவான தண்ணீரில் ஒளு செய்ததாக ஹதீஸ் இருக்கிறது. வீட்டில் பேசத் தயங்கினால் முஸ்லிம் யூத் ஹெல்ப்லைனில் பேசட்டும், இலவசம், ரகசியமும் காப்பார்கள்.

அப்புறம், "ஒளு கூடிடுச்சா?" என்று அவன் கேட்கும்போதெல்லாம் "கூடிடுச்சு" என்று சொல்லாதீர்கள். நாங்கள் பாசத்தில் சொல்லிச் சொல்லித்தான் அண்ணனுக்கு அது முற்றியது.