600 என்று போட்டிருந்தால் 600 வாட்ஸ் வருமா?

கேள்வி: கருங்கலில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக ஐ5 12400எஃப் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போட்டு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். ரெண்டர் போட்டால் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்ற விட்டால்) பாதியில் பட்டென்று அணைந்துவிடுகிறது. கேபினெட்டோடு வந்த 600 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) தான் உள்ளே இருக்கிறது. லேபிளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கடையில் மூன்று விலை சொல்கிறார்கள்: இதே மாதிரி 750 வாட்ஸ் 1,400 ரூபாய், 550 வாட்ஸ் பிரான்ஸ் (வெண்கலத் தரம்) 4,200, 850 வாட்ஸ் கோல்டு 9,800. எதை வாங்கலாம்? கழற்றும் பழையதை மகள் வைத்திருக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020-இல் போடலாமா?

பதில்: 550 பிரான்ஸை வாங்குங்கள். 1,400 ரூபாய் சாமானைக் கையால் தொட வேண்டாம். 850 கோல்டு நல்ல பொருள்தான், ஆனால் அந்தக் காசு உங்கள் வேலைக்கு வீண். பழையது மகளின் கம்ப்யூட்டரில் சேராது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 600. பக்கத்தில் வாட்ஸ் என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? கேட்டால் ‘அது மாடல் நம்பர்’ என்பார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். வாங்கப் போகிறவர் படிக்க வேண்டிய இடம் அது ஒன்றுதான். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள். 216 வாட்ஸ். அதே கட்டத்தில் உள்ள 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கையெல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் 350-ஐத் தொடவில்லை.

இப்போது உங்கள் தேவையைப் பார்ப்போம். அந்த பிராசசர் முழு வேகத்தில் 117 வாட்ஸ் வரை எடுக்கும். 3060 கார்டு 170 வாட்ஸ். மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் 50 வாட்ஸ் வையுங்கள். மொத்தம் ஏறத்தாழ 340. போதாததற்கு, கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தன் கணக்கைத் தாண்டி இழுக்கும் குணம் உள்ளது. 12 வோல்ட்டில் 216 தரக்கூடியதிடம் பிராசசரும் கார்டும் மட்டுமே 287 கேட்டால் அது அணையத்தான் செய்யும். அணைந்ததே உங்கள் நல்ல காலம். அந்தப் பாதுகாப்புகூட இல்லாத சாமான்கள் சாகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். சூடாகி அணைகிறதோ என்ற சந்தேகம் வரலாம். சூடு என்றால் முதலில் வேகம் குறைந்து ரெண்டர் இழுக்கும். ஸ்விட்சைத் தட்டியதுபோல் பட்டென்று போவது பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். கோளாறுதான்.

சந்தையில் ஒரு கிலோ மரச்சீனிக் கிழங்கு கேட்டு, தராசில் 360 கிராம் நிறுத்துத் தந்தால் விடுவீர்களா? அங்கேயே சண்டை நடக்கும். 600-க்கு 216 என்பது அதே கணக்குதான். தராசுக்கு முத்திரை போட ஆள் வருகிறார்கள், பெட்ரோல் பங்க்கில் அளவு சரிபார்க்க ஆள் வருகிறார்கள். இந்தத் தகரப் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைச் சரிபார்க்க ஒருவரும் வந்து நான் பார்த்ததில்லை. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

போன ஐப்பசியில் குளச்சல் பக்கத்திலிருந்து இப்படி ஒன்று என் மேசைக்கு வந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்தது, காலி டிபன் பாக்ஸ் கனம்தான். திறந்து பார்த்தால், மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் ஃபில்டர் காயில் இருக்க வேண்டிய இரண்டு இடமும் காலி. அங்கே ஒரு துண்டுக் கம்பியை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். கெப்பாசிட்டர்களின் தலை பணியாரம்போல் உப்பியிருந்தது. உப்புக்காற்றில் ஹீட் சிங்கின் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஃபேன் ஓரத்தில் கருகிய பல்லி ஒன்று. இதை 500 வாட்ஸ் என்று விற்றிருந்தார்கள். நீங்கள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

அடுத்தது, வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு ‘அந்தக் கடையில் போய் என் பெயரைச் சொல்லுங்கள்’ என்று அனுப்பும் டெக்னீஷியன்கள். எல்லாரையும் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கடையில் அவருக்குப் பங்கு இருக்கிறதா என்று யோசித்துவிட்டுப் போங்கள். அசெம்பிள் செய்து தருபவர்கள் பிராசசருக்கும் கார்டுக்கும் விலை கூட்ட முடியாது, ஏனென்றால் ஆன்லைனில் பார்த்துவிட்டு வருகிறீர்கள். நீங்கள் பெயர் கேட்காத ஒரே சாமான் எஸ்.எம்.பி.எஸ். தான். லாபத்தை அதில்தான் எடுப்பார்கள். ‘எல்லாம் ஒண்ணுதான் சார், கரண்ட் தானே’ என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

550 பிரான்ஸ் வாங்கும்போதும் அதே கட்டத்தைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே குறைந்தது 40 ஆம்பியர் இருக்க வேண்டும். சிலதில் 12 வோல்ட் இரண்டு கட்டமாகப் பிரிந்திருக்கும். அப்போது இரண்டையும் கூட்டாமல், கீழே சேர்த்துப் போட்டிருக்கும் வாட்ஸ் எண்ணைப் பாருங்கள். அது 480-க்குக் குறையாமல் இருந்தால் சரி. 3060-க்கு அந்தக் கார்டின் கம்பெனியான என்விடியாவே 550 வாட்ஸ் சப்ளைதான் பரிந்துரைக்கிறது, அதனால் பயப்பட வேண்டாம். பெட்டியில் 80 என்று போட்டுப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருப்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள், அதை யாரும் அச்சடிக்கலாம். பிரான்ஸ், கோல்டு சான்று தரும் 80 பிளஸ் அமைப்பின் இணையதளப் பட்டியலில் மாடல் பெயரைத் தேடினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிரான்ஸ், கோல்டு என்பதெல்லாம் சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு சூடாக வீணாகிறது என்ற கணக்கு. 550 பிரான்ஸ் என்றால் அதில் 85 சதவீதம், அதாவது 467 தான் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. கம்ப்யூட்டருக்கு முழு 550 கிடைக்கும், சுவரிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். உங்கள் 340 வாட்ஸ் வேலைக்கு பிரான்ஸ் சுமார் 400 எடுக்கும், கோல்டு 378 எடுக்கும். தினமும் 8 மணி நேரம், மாதம் 25 நாள் ரெண்டர் போட்டாலும் வித்தியாசம் நாலரை யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் மாதம் 45 ரூபாய். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் 5,600 ரூபாய் திரும்பி வர பத்து வருஷத்துக்கு மேல் ஆகும்.

அந்தக் காசில் கொஞ்சத்தை யு.பி.எஸ்.ஸுக்கு ஒதுக்குங்கள். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, தென்னை ஓலை விழுந்தாலே கரண்ட் போகும். வழக்கமான 600 விஏ யு.பி.எஸ். என்றால் 360 வாட்ஸ் தான் தாங்கும். சுவரில் 400, மானிட்டருக்கு 30 என்றால் ரெண்டர் நடுவே கரண்ட் போன அடுத்த நொடி யு.பி.எஸ்.ஸும் கையை விரிக்கும். 1000 விஏ-வாவது வேண்டும். வாங்கும் முன் ரெண்டரை ஓடவிட்டு, சுவர் ஸ்விட்சை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ். சிலவற்றுக்குச் சாதாரண யு.பி.எஸ். தரும் மின்சாரம் ஒத்துக்கொள்ளாது. அது அந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும்.

அப்புறம் கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? அப்படியானால் மூன்று பின் சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் பெரும்பாலும் எர்த் வயரே இல்லை என்று அர்த்தம். பழைய வீடுகளில் இது சர்வ சாதாரணம். 9,800 ரூபாய் சப்ளை போட்டாலும் அந்தச் சுரீர் போகாது, வயர்மேனைத்தான் கூப்பிட வேண்டும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையும் நெட் வயரையும் சேர்த்தே பிடுங்கிவிடுங்கள்.

பில் விஷயம். ‘பில் போட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும்’ என்பார்கள். சேரட்டும். சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாரண்டி கேட்டுப் பாருங்கள், தெரியும். அது இருந்தும்கூட, பழுதானதை மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பச் சொல்லி, கூரியர் செலவையும் நம் தலையில் கட்டி, மூன்று வாரம் காக்க வைக்கிறார்கள். ஐந்து வருஷ வாரண்டி என்று பெட்டியில் போடுபவர்கள் நாகர்கோவிலில் சாமானை வாங்கிக்கொள்ள ஒரு ஆளை வைத்தால் என்ன குறைந்துவிடும்? வாங்கும் முன்பே கடைக்காரரிடம் ‘பழுதானால் நீங்களே வாங்கி அனுப்புவீர்களா’ என்று கேட்டு, பில்லில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லாததை வாங்காதீர்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடலாம்.

மாட்டும்போது புதுப் பெட்டியில் வந்த கேபிள்களை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். கேபிள் தனியாகக் கழலும் மாடல்களில், வேறு கம்பெனி கேபிள் அச்சு அசலாகப் பொருந்தும், உள்ளே வயரின் வரிசை வேறாக இருக்கும். ஆன் செய்ததும் ஹார்டு டிஸ்க் போய்விடும், அதோடு யார் வீட்டுக் கல்யாண வீடியோவோ போய்விடும்.

இனி மகளின் டெல். சாதாரண மதர்போர்டுக்கு 24 பின் பிளக் போகும். 3020 போன்ற ஆப்டிபிளெக்ஸ் போர்டுகளில் 8 பின் தான். எச்.பி. ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் 6 பின், லெனோவோவில் 10 அல்லது 14 பின். இந்த போர்டுகள் பெரும்பாலும் 12 வோல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, ஹார்டு டிஸ்க்குக்கு வேண்டிய 5 வோல்ட்டைத் தாங்களே தயாரிக்கும். டிஸ்க்குக்குப் போகும் வயர்கூட போர்டிலிருந்துதான் கிளம்பும். அதனால் நல்ல 550-ஐக் கொண்டுபோனாலும் நேராகச் சேராது. கன்வெர்ட்டர் கேபிள் விற்கிறார்கள். அதில் ஒரு சாண் வயரும் சின்ன போர்டும் இருக்கும், மாடலுக்கு மாடல் வேறு. ‘எல்லா டெல்லுக்கும் சேரும்’ என்று சொல்லி விற்பதை நம்பிப் போட்டு போர்டைப் போக்கியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஒல்லிக் கேபினெட் என்றால் பெட்டியே உள்ளே நுழையாது. 2012-க்கு முந்திய டவர் மாடல்கள் பலவற்றில் 24 பின் தான், அவற்றுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஆனால் பிளக்கை எண்ணிப் பார்க்காமல் அதையும் நம்ப வேண்டாம். மகளுடையது பழுதானால் அதே மாடலின் ஒரிஜினல் எஸ்.எம்.பி.எஸ்., கழற்றிய சாமானாக இருந்தாலும் பரவாயில்லை, அதைத் தேடுங்கள். பார்ட் நம்பர் அதன் லேபிளிலேயே இருக்கும். அந்தப் பெட்டியில் 255 அல்லது 290 என்று சின்ன எண்தான் இருக்கும், ஆனால் எழுதியதைத் தரும்.

உங்கள் பழையதைக் கடையில் 200 ரூபாய்க்கு எக்ஸ்சேஞ்ச் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், துடைத்து வேறு யாருடைய கேபினெட்டிலாவது ஏற்றிவிடுவார்கள். பிளக் எதிலும் சொருகாமல் இருக்கும்போது வெளியே தொங்கும் கேபிள்களைக் கொத்தாகப் பிடித்து அடியோடு நறுக்கிவிட்டு, ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடையில்) போடுங்கள்.