மக்கர் செய்யும் கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி பதில்

அடியோடு செத்துப்போன கம்ப்யூட்டரில் பழுதைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். ஒரு நாள் கிளம்பி, மறுநாள் மக்கர் செய்வதுதான் பாடாய்ப் படுத்தும். இந்த இதழுக்கு எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாமே அந்த ரகம்.

கேள்வி: காலையில் முதல் தடவை பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. நாலைந்து தடவை அழுத்திய பிறகு கிளம்பிவிடும். அப்புறம் நாள் முழுக்க எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் தொல்லை இல்லை. வாங்கி ஏழு வருடம் ஆகிறது. மதர்போர்டு போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: மதர்போர்டில் கை வைக்கும் முன் எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியை, மாற்றிப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது மறுத்து, சூடேறியதும் வழிக்கு வருவது வயதான கெபாசிட்டரின் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகம்) குணம். எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். வற்ற வற்ற அதன் உள்மின்தடை ஏறும். குளிர்ந்திருக்கும்போது அது இன்னும் அதிகம். நீங்கள் நாலைந்து தடவை பட்டனை அழுத்துவது, அந்தக் கெபாசிட்டரைச் சூடேற்றும் வேலைதான்.

எஸ்.எம்.பி.எஸ். ஆன் ஆனதும் 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் நிலைக்கு வர வேண்டும். வந்தபின் 100 முதல் 500 மில்லி விநாடிக்குள், சாம்பல் நிற ஒயர் வழியாக ‘மின்சாரம் தயார்’ என்ற சிக்னல் மதர்போர்டுக்குப் போகும். அது கிடைத்தால்தான் பிராசஸர் வேலையைத் தொடங்கும். மின்னழுத்தம் தள்ளாடினால் சிக்னல் போகாது, அல்லது எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் அரைச் சுற்று அதுதான்.

மதர்போர்டிலும் கெபாசிட்டர் உண்டே என்று கேட்கலாம். உண்டு. 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் அவை தலை உப்பி வெடித்தது உலகம் முழுக்கப் பெரிய தொல்லையாக இருந்தது. பிறகு வந்த போர்டுகளில் பெரும்பாலும் திரவம் இல்லாத பாலிமர் கெபாசிட்டர்களே இருக்கின்றன. ஆகவே ஏழு வயது கம்ப்யூட்டரில் முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல்தான் விழ வேண்டும். இருந்தாலும் கேபினெட்டைத் திறந்ததும் பிராசஸரைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். உச்சி உப்பியோ, அடியில் பழுப்பு நிறக் கசிவோ தெரிந்தால் மெக்கானிக் சொன்னது சரி.

சோதிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு தடவை கிளம்பிய கம்ப்யூட்டரில் புது எஸ்.எம்.பி.எஸ். மாட்டி, ‘இப்போது ஓடுகிறது’ என்பதில் அர்த்தமே இல்லை. பழையதைப் போட்டிருந்தாலும் அந்த நேரத்தில் ஓடியிருக்கும். இரவே மாற்றி மாட்டி, காலையில் முதல் அழுத்தலைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு சோதனைதான் கணக்கு. இரவல் வாங்கினால் அதன் சொந்தக் கேபிள்களோடு வாங்குங்கள். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்.எம்.பி.எஸ்.களில் ஒன்றின் கேபிளை இன்னொன்றில் செருகினால் பிளக் பொருந்தும், ஆனால் உள்ளே ஒயர் வரிசை வேறாக இருக்கலாம். ஹார்ட் டிஸ்க் ஒரே நொடியில் போய்விடும்.

மல்டிமீட்டர் இருந்தால் இதையும் செய்யுங்கள். கம்ப்யூட்டர் அணைந்து, பிளக் மட்டும் போட்டிருக்கும் நிலையில், 24 பின் கனெக்டரின் ஊதா ஒயருக்கும் ஒரு கறுப்பு ஒயருக்கும் நடுவே 4.75 முதல் 5.25 வோல்ட் வரை காட்ட வேண்டும். பட்டனை அழுத்தும் கணத்தில் அது சரிகிறதா என்று கவனியுங்கள். ஓடும்போது மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47. எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கும் மாடல் என்றால் பின் எண்ணைப் பாருங்கள்: ஊதாவுக்கு 9, சாம்பலுக்கு 8, மஞ்சளுக்கு 10, 11.

எண் தவறினால் எஸ்.எம்.பி.எஸ். குற்றவாளி. எண் சரியாக இருந்தால் மட்டும் அது நிரபராதி ஆகிவிடாது. மீட்டர் சராசரியைத்தான் காட்டும், மின்னழுத்தத்தின் வேகமான நடுக்கத்தைக் காட்டாது. பச்சை ஒயரையும் கறுப்பையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் சோதனையும் அப்படியே. சுமையில்லாமல் ஓடுவதற்கும் சுமையோடு ஓடுவதற்கும் வித்தியாசம் உண்டு.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

கேள்வி: சில சமயம் பட்டனை அழுத்தினால் எந்தச் சலனமும் இல்லை. ஃபேன்கூட அசையாது. திரும்பத் திரும்ப அழுத்தினால் ஏதோ ஒரு தடவை ஓடும். இதுவும் எஸ்.எம்.பி.எஸ்.தானா?

பதில்: பட்டனையே முதலில் சந்தேகியுங்கள். கேபினெட்டிலேயே மட்டமான பாகம் அதுதான், ஆனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. பட்டனிலிருந்து வரும் இரண்டு ஒயர், மதர்போர்டின் ஓரத்தில் ‘பவர் ஸ்விட்ச்’ என்று குறித்த இரண்டு பின்களில் செருகியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அரை நொடி சேர்த்துத் தொடுங்கள். அங்கே 5 வோல்ட்டுக்கு மேல் இல்லை, ஷாக் அடிக்காது. பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடாமல் இருந்தால் போதும். இப்படித் தொடும்போது ஒவ்வொரு தடவையும் கிளம்பினால் பட்டன்தான் பழுது. புதிது கிடைக்கும் வரை ரீசெட் பட்டனின் ஒயரை அந்த இடத்தில் செருகிக்கொள்ளலாம்; பட்டன் ஒயருக்கு நேர், எதிர் பேதம் கிடையாது.

இதற்கு நேர்மாறாக, கம்ப்யூட்டர் கிளம்பி நாலு விநாடியில் அணைந்தால் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம். நாலு விநாடி விடாமல் அழுத்தினால் அணைத்துவிடு என்றுதான் மதர்போர்டு புரிந்துகொள்ளும். நாலு விநாடி கணக்குத் துல்லியமாக இருந்தால் வேறெதையும் கழற்றாதீர்கள்.

கேள்வி: ஃபேன் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டர் மட்டும் கறுப்பு. அணைத்து அணைத்துப் போட்டால் எப்போதாவது படம் வருகிறது.

பதில்: ராம் எனப்படும் தற்காலிக நினைவகம்தான். அதுவாக இல்லாவிட்டால் கிராஃபிக்ஸ் கார்டு சரியாக உட்காரவில்லை. அதற்கும் முன்னால் பிராசஸருக்கென்று தனியாக வரும் 4 அல்லது 8 பின் கனெக்டர் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டாலும் ஃபேன்கள் சுற்றும், ஏமாந்துபோவோம்.

ராமைக் கழற்றும் முறை: பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தைத் தீர்த்துவிடுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கழற்றுங்கள். தங்க நிறப் பற்களைப் பஞ்சில் தொட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பென்சில் அழிக்கும் ரப்பரும் வேலை செய்யும். அழுத்தித் தேய்த்தால் பூச்சு போகும், தூள் ஸ்லாட்டில் விழும் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒரே ஒரு ராமை மட்டும் செருகுங்கள். நாலு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்தான் ஒற்றை ராமுக்கு உரியது. அடுத்த ராமையும் அதே ஸ்லாட்டில் சோதியுங்கள். ராமையும் ஸ்லாட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதில் கோளாறு என்று தெரியாமல் போய்விடும்.

இரண்டு ராமும் தனித்தனியே நன்றாக ஓடி, சேர்த்தால் மட்டும் மக்கர் செய்தால், பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பியதும் முதலில் ஓடும் மதர்போர்டின் நிரல்) எக்ஸ்.எம்.பி. என்ற வேக அமைப்பை அணைத்துப் பாருங்கள். ராமின் அட்டையில் எழுதியிருக்கும் வேகம் பெரும்பாலும் அந்த அமைப்பால் வருவது. பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு அது ஒத்துவரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கிளம்பிய பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் போட்டு நாலு சுற்று ஓட விடுங்கள். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் தேர்வில் தோல்விதான்.

உங்களுடையது டி.டி.ஆர்.5 ராம் என்றால் இன்னொரு விஷயம். ராம் மாற்றிய பிறகோ பயாஸை ரீசெட் செய்த பிறகோ முதல் தடவை போடும்போது, போர்டு ராமோடு பழகிக்கொள்ள சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பொறுமையிழந்து அணைத்தால் அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடம் விட்டுப் பார்க்காமல் ராமைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: தினமும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது, எஃப்1 அழுத்தச் சொல்கிறது. போன வாரம் விண்டோஸே வரவில்லை. ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

பதில்: மதர்போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரியை மாற்றுங்கள். புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7க்குக் கீழே போயிருந்தால் அதன் காலம் முடிந்தது. பிளக் போட்டே இருக்கும் கம்ப்யூட்டரில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் காத்திருப்பு மின்சாரமே கடிகாரத்தை ஓட்டிவிடும். வேலை முடிந்ததும் சுவரில் ஸ்விட்சை அணைப்பவர்களுக்குத்தான் பேட்டரி சீக்கிரம் தீரும்.

விண்டோஸ் வராததும் பெரும்பாலும் இதன் விளைவே. பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் தன் ஆரம்ப அமைப்புக்குத் திரும்பிவிடும். நீங்கள் யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய துவக்க முறையில் விண்டோஸ் போட்டிருந்து அது பழைய லெகசி முறைக்கு மாறினாலோ, டிஸ்க்கோடு பேசும் விதத்தைச் சொல்லும் சாட்டா அமைப்பு ரெய்டிலிருந்து ஏ.எச்.சி.ஐ.க்கு மாறினாலோ, நல்ல டிஸ்க்கும் ‘காணவில்லை’ என்று சொல்லும். நன்றாக ஓடும் நாளில் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பயாஸ் அமைப்பு மாறினால் அது கேட்கும்.

கேள்வி: ஷட்டவுன் செய்துவிட்டுப் போட்டால் லோகோவோடு நின்றுவிடுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் ஒழுங்காக வருகிறது. இது என்ன விசித்திரம்?

பதில்: விசித்திரம் இல்லை. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. விண்டோஸின் மையப் பகுதியையும் பாகங்களை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களின் நிலையையும் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைகிறது. மறுநாள் அதையே எடுத்துப் போடுகிறது. ஏதாவது ஒரு டிரைவருக்கு இது ஒத்துக்கொள்ளாவிட்டால் தூக்கத்திலிருந்து எழாமல் நின்றுவிடும். ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

சோதிக்க, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுனைச் சொடுக்குங்கள். அது முழு ஷட்டவுன். அதன் பிறகு நன்றாகக் கிளம்பினால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன்களுக்கான பக்கம் போய், ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். டிக் மங்கலாக இருந்தால் மேலே உள்ள ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ இணைப்பை முதலில் சொடுக்க வேண்டும்.

அப்படியும் லோகோவில் நின்றால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் எண்களை, அவற்றைக் காட்டும் மென்பொருளில் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் 5, 197 ஆகிய வரிகளின் மூல மதிப்பு பூஜ்யத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகிற வழியில் இருக்கிறது. 199 மட்டும் ஏறினால் டிஸ்க் மேல் பழி போடாதீர்கள், சாட்டா கேபிளை மாற்றுங்கள். கேபிள் மாற்றினாலும் பழைய எண் குறையாது. மேற்கொண்டு ஏறுகிறதா என்பதே கேள்வி. சில மென்பொருள்கள் 197ஐ சி5 என்றும் 199ஐ சி7 என்றும் காட்டும். 197 ஏறியிருக்கும் டிஸ்க்கில் உடனே டிஸ்க்கைப் பரிசோதிக்கும் செக்டிஸ்க்கை ஓட்டுவது தவறு. முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் படிக்க வைத்தால் அது பாதியிலேயே உயிரை விட்டுவிடும்.

கேள்வி: விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று வருகிறது. எந்தப் பாகம் பழுது?

பதில்: எந்தப் பாகத்தையும் அது சொல்லவில்லை. ‘போன தடவை முறையாக அணைக்காமல் நின்றுபோனேன்’ என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். கரன்ட் போனாலும் அதே 41தான்.

கேள்வி: பென்டிரைவ் செருகியிருந்தால் மட்டும் கிளம்பவில்லை.

பதில்: பயாஸில் பூட் வரிசையில் யூ.எஸ்.பி.யைக் கீழே தள்ளி, விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை மேலே கொண்டுவாருங்கள்.

கேள்வி: மேசை மேல் வெளியே வைத்தால் மதர்போர்டு ஓடுகிறது, கேபினெட்டில் திருகினால் சில சமயம் கிளம்பவில்லை.

பதில்: போர்டுக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் பித்தளைத் திருகுகளை எண்ணுங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் அது பின்பக்கச் சாலிடரைத் தொட்டு ஷார்ட் செய்யும். உள்ளே விழுந்த தனித் திருகையும் தேடுங்கள்.

கேள்வி: ஐந்து தடவைக்கு ஒரு தடவை கிளம்பாமல் இருந்தது. ராமை மாற்றினார்கள். கடையில் ஐந்து தடவை போட்டுக் காட்டினார்கள், ஐந்தும் சரி. வீட்டுக்கு வந்து இரண்டாம் நாளே பழைய கதை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது, கணக்குப் போடவில்லை. ஐந்தில் ஒன்று தவறும் கம்ப்யூட்டர், எதையுமே மாற்றாவிட்டாலும் தொடர்ந்து ஐந்து முறை சரியாகக் கிளம்பும் வாய்ப்பு 0.8ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது: 0.33. அதாவது மூன்றில் ஒரு பங்கு. பத்து தடவை பார்த்தாலும் இன்னும் 11 சதவீதம். பதினான்கு தடவை போட்ட பிறகுதான் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். எத்தனைக்கு ஒன்று தவறுகிறதோ அதன் மூன்று மடங்கு தடவை போட்டுப் பாருங்கள்: ஐந்துக்கு ஒன்று என்றால் 15, பத்துக்கு ஒன்று என்றால் 30. நடுவில் ஒன்று தவறினாலும் பழுது போகவில்லை.

ஆகவே பழுதுக்குக் கொடுக்கும் முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எத்தனை தடவை போட்டது, எத்தனை தவறியது, அப்போது பெட்டி இரவு முழுக்க அணைந்திருந்ததா, இல்லை சூடாக இருந்ததா, எந்தக் கட்டத்தில் நின்றது. குளிர்ந்த நிலையில் போடுவதையும் சூடான நிலையில் போடுவதையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் கேள்வி கேட்டவரின் கம்ப்யூட்டரைச் சூடாக முப்பது தடவை போட்டாலும் முப்பதும் கிளம்பும்.