பாகுபாடு டைஸ் போட்டா தீருமா?

கேள்வி: அண்ணே, நாங்க சாட்ஸ்வொர்த்துல பசங்க சேர்ந்து டைஸ் போட்டு ஆளாளுக்கு ஒரு கேரக்டரா கதை நடத்துற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறோம். என் கேரக்டர் அரை ஓர்க் (பாதி மனுஷன், பாதி ஓர்க்குங்கிற கற்பனை இனம்), எந்த ஊருக்குப் போனாலும் வாசல்லயே நிறுத்திடுறாங்க, பேசி மனசை மாத்துற பெர்சுவேஷன் ஸ்கில்லுக்கு டைஸ்ல அதிகபட்சமான 20 விழுந்தும் கதையை நடத்துற கேம் மாஸ்டர் உள்ள விடல. நியாயமா? - டர்பன் வாசகர்

பதில்: ரூல்படி பாத்தா அவர் செஞ்சது சரிதான் தம்பி. 20 விழுந்தா தானா ஜெயிக்கிறது அட்டாக்குக்குத்தான், பெர்சுவேஷன் மாதிரி ஸ்கில் செக்குக்கு அது கிடையாது. ஆனா ஒவ்வொரு ஊர்லயும் அதே கதவை அடைச்சா உனக்கு ஆட்டத்துல என்னதான் மிச்சம்? காவக்காரன் மனசை நீ பேசி மாத்தலாம், அவனுக்கு மேல இருக்கிற சட்டத்தை மாத்த முடியாது, நம்ம தாத்தா பாட்டிங்களை தென்னாப்பிரிக்காவுல இனவாரியா குடியிருப்பைப் பிரிச்ச 1950 குரூப் ஏரியாஸ் சட்டம் வீட்டை விட்டுக் கிளப்பி இங்க கொண்டாந்து போட்டப்ப எந்த அதிகாரி நல்லவன் எவன் கெட்டவன்ங்கிறதா பிரச்சனை? அதனால கேம் மாஸ்டர்கிட்ட கேளு, இந்த வெறுப்பு யாரால வந்துச்சு, யாருக்கு லாபம், ஊருக்குள்ள அதை எதிர்க்கிறவங்க யாரு? அவங்களைத் தேடிப் போறதே நல்ல கதை.

உன் கேரக்டரோட பேக்கிரவுண்டையும், அதாவது அவன் வளர்ந்த விதம், செஞ்ச தொழிலையும் பயன்படுத்து. 2014 ரூல் புத்தகத்துல பேக்கிரவுண்ட் ரெண்டு ஸ்கில் குடுத்துச்சு, 2024 புத்தகத்துல, பிறந்த இனத்தால பலம், புத்தி மாதிரி விஷயங்களுக்கு வந்த எபிலிட்டி போனஸையும் பேக்கிரவுண்டுக்கே மாத்திட்டாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு. மாலுமியா வளர்ந்தவன்னா துறைமுகத்துல தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்க மாட்டானா?

மேசையில யாருக்காவது இது மனசை நோகடிச்சா அந்தக் காட்சியே வேணாம்னு அடுத்த ஆட்டத்துக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.