தாத்தா ரேடியோவ ஆசாரிகிட்ட குடுக்கலாமா?

கேள்வி: சார், தாத்தா வாங்கின மர்ஃபி வால்வு ரேடியோ ஒண்ணு பரண்ல கிடந்துச்சு, மரப்பொட்டி. மேல கறுத்துப்போய் முதலைத்தோல் மாதிரி வெடிச்சிருக்கு, ஒரு மூலைல பட்டை உரிஞ்சு தூக்கிட்டு நிக்குது. ஆசாரி, உப்புத்தாள் போட்டு இழைச்சு வார்னிஷ் அடிச்சுடலாம், ஒரு நாள் வேலைங்கறார். குடுக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாங்க. அந்தப் பொட்டி முழுக்க நல்ல மரம்னு நினைச்சுடாதீங்க, உள்ள பிளைவுட்தான், மேல ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத வினீர்ங்கற மரத் தகடு ஒட்டியிருக்கு, உப்புத்தாள் நாலு இழுப்பு இழுத்தா அது போயிடும், போனா போனதுதான். ஓரத்துல இருக்கிற கறுப்பும் அழுக்கா இருக்கணும்னு இல்ல, நிறைய செட்ல கம்பெனியிலேயே சாயம் கலந்து ஸ்ப்ரே பண்ணி அனுப்பினது.

முதல்ல பழைய பாலிஷ் என்னன்னு பாருங்க. அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஸ்பிரிட் நனைச்ச பஞ்ச வைங்க, பிசுபிசுன்னு ஆச்சுன்னா அரக்கு பாலிஷ். ஆகலையா, தின்னர் வைங்க, அதுல இளகினா என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர், அந்தக் காலத்து ரேடியோல பெரும்பாலும் இதுதான். எது இளக்குச்சோ அதையே மெல்லிசா பிரஷ்ல தடவுனா அந்த வெடிப்பெல்லாம் தானா உருகி ஒண்ணு சேர்ந்துடும், இப்படி வர்ற பொட்டிகள்ல பாதிக்கு இதுவே போதும். ரெண்டுக்கும் அசையலைன்னா யாரோ நடுவுல பெயின்ட் கடை வார்னிஷ் அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம், அப்பவும் பெயின்ட் ரிமூவர்தான், உப்புத்தாள் இல்ல.

தூக்கின மூலைக்கு, அடியில காஞ்சு நிக்கிற பழைய வஜ்ஜிரப் பசைய பிளேடால சுரண்டிட்டு, சிரிஞ்சுல ஃபெவிகால் விட்டு, மேல பிளாஸ்டிக் கவர் போட்டு, அம்மிக்கல்லோ புத்தகக்கட்டோ ராத்திரி முழுக்க ஏத்தி வைங்க. கவர் போட மறந்தா அம்மியும் சேர்ந்து ஒட்டிக்கும்!

அப்புறம் வேணும்னா பிரெஞ்சு பாலிஷ். அரை லிட்டர் ஸ்பிரிட்ல 100 கிராம் அரக்குச் செதில் ஊறப்போட்டு, வடிகட்டி, துணில சுத்தின பஞ்சால தேய்க்கணும். மழை நாள்ல மட்டும் வேண்டாம், ஈரத்த இழுத்து வெள்ளையா பூத்துடும்.

இதெல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சேசிஸ் (வால்வு, ஒயரெல்லாம் பூட்டின உள் தகரச் சட்டம்), ஸ்பீக்கர் முன்னாடி இருக்கிற கிரில் துணி, டயல் கண்ணாடி மூணையும் கழட்டிடுங்க. சேசிஸ தெரிஞ்ச மெக்கானிக்க வச்சே கழட்டுங்க, கண்டென்சர்ல கரண்ட் நிக்கும். டயல் கண்ணாடில ஸ்டேஷன் பேரெல்லாம் பின்பக்கம் அச்சடிச்சது, முன்பக்கம் மட்டும் துடைங்க. நான் ஒரு தடவ கெட்டிக்காரத்தனமா பின்பக்கம் ஈரத்துணி போட்டேன், மெட்ராஸ், கொழும்பு ரெண்டும் துணியோட வந்துடுச்சு, இப்ப எங்க வீட்டு ரேடியோல முள்ளு எங்க நிக்குதுன்னு குத்துமதிப்பாதான் பாக்கிறோம்.

கேள்வி: என்கிட்ட இருக்கிறது பழுப்பு நிற பேக்கலைட் ரேடியோ. அதுக்கும் இதே பாலிஷ் போடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பேக்கலைட் மரமே இல்லீங்க, அந்தக் காலத்து கெட்டி பிளாஸ்டிக், அரக்கு வேண்டாம். சோப்புத் தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைச்சுட்டு, கார் பாலிஷ் கொஞ்சம் எடுத்து தேய்ங்க. துணில பழுப்பு ஏறினா பயப்படாதீங்க, மேல செத்துப்போன படலம்தான் வருது.