வாசனை ஒத்தடப் பை: கேட்டதும் சொன்னதும்

தானியத்தைத் துணிப் பையில் அடைத்துத் தைத்து, சூடாக்கி வலிக்கிற இடத்தில் வைக்கும் பையைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

திருமங்கலம்: அக்கா, உள்ளே அரிசியா, கொள்ளா, உப்பா?

அரிசியே போதும் தங்கச்சி. ரேஷன் அரிசி தாராளமாக ஆகும். கழுவ வேண்டாம், புடைத்துக் குருணையை நீக்கி ஒரு பகல் வெயிலில் காய வையுங்கள். கொள்ளு இடுப்புக்கு நன்றாக அழுந்தும், ஆனால் சூடேறியதும் அதன் வாசனைதான் தூக்கலாக நிற்கும். தவிடு வேண்டாம். அந்தக் காலத்தில் அதை வறுத்து ஒத்தடம் கொடுத்துவிட்டு அன்றைக்கே கொட்டிவிடுவார்கள். தைத்து வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். கல் உப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றுவதோடு சரி. வறுக்கும்போது படபடவென்று தெறிக்கும், முகத்தைத் தள்ளியே வையுங்கள்.

செல்லூர்: மதுரையில் இருந்துகொண்டு மல்லிகைப் பூ போடாமல் இருக்கலாமா?

இருக்கத்தான் வேண்டும்! பச்சைப் பூவில் ஈரம். அரிசி பூசணம் பிடிக்கும். காய வைத்தாலோ வைக்கோல் வாடைதான் மிஞ்சும். மல்லி தலைக்கு, பைக்கு மரிக்கொழுந்து. காய்ந்த பிறகும் அதன் மணம் நிற்கும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வாங்கி நிழலில் உலர்த்துங்கள். காம்பை ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நொச்சி, துளசிக்கும் இதே பக்குவம்தான். காரமான மணம் பிடிக்குமென்றால் ஓமமும் பட்டையும் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடலாம். ஒரு கிலோ அரிசிக்கு இலை என்றால் 2 கைப்பிடி, ஓமம் பட்டை என்றால் 2 ஸ்பூன். கிராம்பு வெள்ளைத் துணியில் கறை விடும். வெட்டிவேர் நல்ல மணம், ஆனால் முனை குத்தும். எதைப் போட்டாலும் மெல்லிய மல் துணியில் சின்ன முடிச்சாகக் கட்டி அரிசிக்குள் வைத்துவிடுங்கள். மணம் குறைந்தால் முடிச்சை மட்டும் மாற்றினால் போதும்.

மேலூர்: நாலு சொட்டு நீலகிரித் தைலம்? கொஞ்சம் கற்பூரம்?

இரண்டும் கூடாது தம்பி. இரண்டுமே தீப்பிடிக்கிற சரக்கு. சூட்டில் ஆவி கிளம்பிக் கண்ணை எரிக்கும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் கற்பூர நெடி ஆபத்து.

அலங்காநல்லூர்: பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துத் தைக்கலாமா?

அதைவிட நல்ல துணி கிடைக்காது. நயம் பருத்தி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும். சரிகைக் கரையை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள்; மைக்ரோவேவில் சரிகை பொறி பறக்கும். ஜிப், பிரஸ் பட்டன், பாலியெஸ்டர் கலந்த துணி, எதுவும் வேண்டாம். கழுத்துக்கு என்றால் 18 அங்குல நீளம், 5 அங்குல அகலம், குறுக்கே இரண்டு தையல். முக்கால் பாகம் மட்டும் நிரப்புங்கள், அப்போதுதான் தோளில் படியும். மேலே தனி உறை போட்டால் அதை மட்டும் துவைத்துக்கொள்ளலாம்.

உசிலம்பட்டி: எவ்வளவு நேரம் சூடாக்குவது? மைக்ரோவேவ் இல்லாவிட்டால்?

அரைக் கிலோ பை என்றால் முதலில் 1 நிமிடம். திருப்பிப் போட்டு 30 விநாடி, பிறகு தொட்டுப் பார்த்து இன்னொரு 30. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வையுங்கள், கண்ணாடியோ பீங்கானோ, எவர்சில்வர் அல்ல. முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வலிக்கிற இடத்துக்கு. ஆறாமல் மறுபடி சூடாக்காதீர்கள், அரிசி கருகும். மைக்ரோவேவ் இல்லாதவர்கள் பையின் ஒரு முனையை நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி தைத்து, அரிசியை மட்டும் வாணலியில் சிறு தீயில் வறுத்துக் கொட்டிக்கொள்ளலாம். இட்லிப் பானை வேண்டாம், பை ஈரமாகிவிடும்.

வாடிப்பட்டி: அம்மாவுக்குச் சர்க்கரை, பாதம் மரத்துப்போகிறது. வைக்கலாமா?

வைக்காதீர்கள். சூடு உறைக்காது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். கைக்குழந்தைக்கும் வேண்டாம், வைத்துக்கொண்டே தூங்கவும் கூடாது. இப்போதுதான் சுளுக்கி வீங்கியிருக்கிறது என்றால் முதல் இரண்டு நாள் ஐஸ்தான். மாதவிலக்கு வயிற்றுவலிக்கும் இறுகிப்போன இடுப்புக்கும் 15, 20 நிமிடம் வையுங்கள், சுகமாக இருக்கும்.

திருப்பரங்குன்றம்: பைக்குள் வண்டு!

அரிசியைக் கொட்டிவிட்டுத் துணியை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். அடுத்த முறை, நிரப்புவதற்கு முன் அரிசியைக் கவரில் கட்டி 4 நாள் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையெல்லாம் செத்துவிடும். பழைய அரிசியை உலையில் மட்டும் போட்டுவிடாதீர்கள் தாயி.