ஒரே தீனி, எட்டு வாய்

வணக்கமுங்க அண்ணா,

மூலனூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில் தலைச்சேரி ஆடுகள் எட்டு வைத்திருக்கிறேன். பால் வீட்டுக்குப் போக அக்கம்பக்கத்துக்கும் ஊற்றுகிறோம். எல்லாத்துக்கும் ஒரே தீனிதான்: வேலிமசால், சோளத்தட்டு, சாயங்காலம் தவிடும் கடலைப் புண்ணாக்கும். கொம்புக்காரி ஒருத்தி வைத்ததும் அள்ளி விழுங்கிவிடுகிறாள். மொட்டைத்தலைச்சி ஒருத்தி மோந்து மோந்து இலையாகப் பொறுக்குகிறாள். குட்டியிலிருந்தே அப்படித்தான். "தீனி எடுக்காத ஆடு எதுக்கு, கன்னிவாடி சந்தைக்கு ஓட்டிரு" என்கிறார் மாமனார். விற்றுவிடட்டுங்களா?

– ஒரு வாசகி

அன்புள்ள அம்மிணி,

விற்க வேண்டாம். எனக்குக் கவலை உங்கள் கொம்புக்காரியைப் பற்றித்தான்.

ஆட்டைப் பட்டியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். இத்தனை ஆடு, இத்தனை கிலோ தீனி என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் உங்கள் ஊர்க் கொறங்காட்டில், அந்த மேய்ச்சல் நிலத்தில், ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். ஒரு ஆடு கிளுவை வேலியில் முன்னங்கால் தூக்கி வைத்துக் கொழுந்தை எட்டும். ஒன்று வெள்வேல மரத்தடியில் உதிர்ந்த நெற்றைத் தேடியே நடக்கும். முள்ளுக்கு நடுவில் மேலுதட்டை நீட்டி, முள் படாமல் இலையை மட்டும் உருவும் இன்னொன்று. பொறுக்கித் தின்பது வெள்ளாட்டின் பிறவிக் குணம். எதை, எவ்வளவு வேகத்தில் என்பது ஆட்டுக்கு ஆடு மாறும். பிரான்சில் ஆல்பைன், சானேன் பால் ஆடுகளைத் தனித்தனியாகக் கவனித்தவர்களும் இதையே கண்டிருக்கிறார்கள். ஒரே தீனியை ஒரே நேரத்தில் வைத்தாலும் சில ஆடுகள் வைத்த சூட்டில் பெரும்பகுதியை முடித்துவிடும், சில ஆடுகள் நாள் முழுக்கப் பிரித்துத் தின்னும்.

தாயைப் பார்த்துக் குட்டி பழகுவதும் உண்டு, கூட்டத்தைப் பார்த்துப் பழகுவதும் உண்டு. அமெரிக்காவின் யூட்டாவில் ஃபிரெட் ப்ரொவென்சா என்ற ஆய்வாளர் புதர்க்காட்டில் தனித்தனிக் கூட்டங்களாக ஆடுகளை விட்டிருந்தார். அதில் ஒரு கூட்டம் மட்டும் காட்டெலிக் கூடுகளைத் தின்னப் பழகிக்கொண்டது. எலியின் மூத்திரம் ஊறிய அந்தக் குப்பையில், புதரில் கிடைக்காத தழைச்சத்து இருந்தது. மற்றக் கூட்டங்களைவிட அவை உடம்பு தேறியும் இருந்தன. எனக்கு இதைப் படித்ததிலிருந்து வெள்ளாட்டின் மேல் மரியாதை கூடிவிட்டது.

இனி கொம்புக்காரிக்கு வருகிறேன். தவிடு, தானியம் போன்ற மாவுத்தீனி ஒரே மூச்சில் இறங்கினால் முதல் வயிற்றில் மளமளவென்று புளிக்கும், அமிலம் ஏறும். அதைத் தணிப்பது எச்சில். மென்றால்தான் எச்சில் ஊறும். விழுங்குகிறவளுக்கு அது பற்றாது. முற்றினால் அசை போடுவது குறையும், கழிச்சல் வரும், பாலில் கொழுப்பு இறங்கும். அவளுக்கு முதலில் சோளத்தட்டு, அது பாதி வயிறு நிறைந்த பிறகு புண்ணாக்குத் தவிடு, அதையும் காலை மாலை என்று பிரித்து வையுங்கள்.

மொட்டைத்தலைச்சி மெதுவானவளா, காத்திருப்பவளா என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. கொம்புள்ளது, வயதில் மூத்தது முட்டி விரட்டும். கொம்பில்லாதது ஒதுங்கி நின்று மிச்சத்தைத் தின்னும். மிச்சம் என்பது பெரும்பாலும் தண்டுதான், இலையை முன்னால் வந்தவர்கள் உருவியிருப்பார்கள். ஒரு வாரம் அவளைத் தனியே கட்டி, வைத்ததையும் மீந்ததையும் நிறுத்துப் பாருங்கள், பாலையும் அளந்து குறித்துவையுங்கள். நாள் முழுக்கச் சேர்த்தால் அவள் மற்றவர்களுக்குக் குறையாமல் தின்றிருக்கலாம். அப்படியென்றால் தொட்டியில்தான் இடம் போதவில்லை. வேலிமசாலைக் கட்டுக் கட்டாக ஆட்டின் தலை உயரத்துக்கு, எட்டு ஆட்டுக்குப் பத்து இடத்தில் தள்ளித் தள்ளித் தொங்கவிடுங்கள். விரட்டுகிறவளால் எல்லா இடத்தையும் காவல் காக்க முடியாது.

மாமனாரிடம் அந்த ஒரு வாரக் கணக்கைக் காட்டுங்கள். நல்லாத் தின்றுகொண்டிருந்த ஆடு திடீரென்று தீனியை ஒதுக்கினால் மட்டும் குணம் என்று விட்டுவிடாதீர்கள். அசை போடுகிறதா, புழுக்கை கெட்டியா, இடது வயிறு உப்பியிருக்கிறதா என்று பார்த்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.