மரீன் பரேடில் வீடு வாங்கலாமா? காலடியில் இருக்கும் பழைய கடல்

கேள்வி: சிங்கப்பூர் மரீன் பரேடில் ஒரு மறுவிற்பனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு பிடித்திருக்கிறது. ஆனால் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு விரிசல். "கடலைத் தூர்த்த இடம், கட்டடம் இறங்குகிறது; உட்பகுதியில், புக்கிட் தீமா பக்கம் வேறு வீடு காட்டுகிறேன்" என்கிறார் ஒரு சொத்து முகவர். என்ன செய்வது?

பதில்: அந்த விரிசலுக்காக வீட்டைக் கைவிடாதீர்கள். இப்படிப்பட்ட இடங்களில் இறங்குவது பெரும்பாலும் நடைபாதைதான்.

மரீன் பரேடை உருவாக்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்பு 1966இல் தொடங்கியது. பிடோக், சிக்லாப் குன்றுகளை வெட்டி அந்த மண்ணைக் கடலில் கொட்டினார்கள். மேலே பாரம் ஏறியதும் அடியிலுள்ள கடற்களிமண் நீரைக் கசியவிட்டு ஆண்டுக்கணக்கில் மெல்ல அமரும். உங்கள் கட்டடம் அந்தக் களியின்மேல் உட்காரவில்லை. நிலத்துக்குள் ஆழமாக இறக்கிய அதன் பைல் தூண்கள் களியைத் துளைத்துக் கீழேயுள்ள இறுகிய மண்ணில் ஊன்றியிருக்கின்றன. நடைபாதைக்கு அந்த ஆதரவு கிடையாது.

மண்சோதனைக்காகத் துளையிடும்போது அந்தக் களியைப் பலமுறை கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். துளைக்குழாயிலிருந்து முதலில் நீலச் சாம்பல் சேறு வரும். விரல் பட்டாலே பள்ளம் விழும், சிப்பித் துண்டுகள் நெருடும். அதற்கடியில் சட்டென்று மஞ்சளும் செம்பழுப்புமாய், நகம் இறங்காத கெட்டிக் களி. பிறகு மறுபடியும் சாம்பல் சேறு. நடுவிலுள்ள கெட்டி அடுக்கு, கடல் விலகியிருந்த காலத்தில் வெயிலில் காய்ந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ, சிங்கப்பூர் எல்லாம் ஒரே நிலப்பரப்பு; இன்று கடலுக்கு அப்பால் இருக்கும் இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகிக் கடல் திரும்பியபோது மேல்சேறு படிந்தது. அன்றைய ஆறுகள் ஆழமாக அரித்த பள்ளத்தாக்குகளில், குறிப்பாகக் காலாங் பக்கம், களி மிகத் தடிமன். சற்றுத் தள்ளி மேட்டில் துளைத்தால் களியே இராது. கடலோரம் மோசம், உட்பகுதி நல்லது என்று ஒரே போடாகப் போடுபவருக்கு மண்ணைப் பற்றித் தெரியாது.

பழைய தரைவீடுகள் மட்டும் வேறு கதை. இதை அழுத்தியே சொல்கிறேன். அவற்றில் சில, பக்காவ் (சதுப்புநில மர) கம்பங்களின்மேல் களியிலேயே மிதப்பவை. பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டும்போது கட்டட ஒப்பந்தக்காரர் புதுப் பகுதிக்கு மேலோட்டமாக அடித்தளம் போட்டுவிட்டுப் போய்விடுவார். வீடு ஒரு வேகத்தில் இறங்கும், நீட்டிய பகுதி இன்னொரு வேகத்தில். இணைப்பில் விரிசல் விழும். அடுத்து வருபவர் அதில் பசையை அடைத்துச் சாயம் பூசிக் காசு வாங்குவார். சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடியும் விரிசல். அப்படிப்பட்ட வீட்டுக்கு, பதிவுபெற்ற நிபுணத்துவப் பொறியாளரை அழைக்காமல் ஒரு காசும் செலவழிக்காதீர்கள்.

எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்: மண்சோதனை அறிக்கைகள் கோப்புகளில் உறங்குகின்றன. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்குபவருக்கு, புரியும் மொழியில் அரைப்பக்கம் எழுதித் தர ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் முகவரின் பயமுறுத்தல் விலைபோகிறது.

கீழ்த்தளத் தூண்களையும் உத்தரங்களையும் ஒருமுறை பாருங்கள். அவற்றில் விரிசல் ஓடினால் நகர மன்றத்திடம் சொல்லுங்கள். இல்லையென்றால், முகவரிடம் கேட்க வேண்டியது வேறொன்று. 1970களில் எழுந்த பேட்டை அது. 99 ஆண்டுக் குத்தகையில் ஏறக்குறையப் பாதி கழிந்துவிட்டது. மீதி ஆண்டுகள் உங்கள் 95 வயதுவரை வருமா, மத்திய சேம நிதியிலிருந்து (சிபிஎஃப்) முழுத் தொகையையும் எடுக்க முடியுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.